எட்டு செய்த குற்றம் என்ன?

பதினெட்டு வயது முடிந்த பையனைப் பார்த்தால் நம் பக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி, "எட்டு போட்டாச்சா?" என்பதுதான். லைசென்ஸ் எடுத்துவிட்டாயா என்று யாரும் சுற்றி வளைத்துக் கேட்பதில்லை. தரையில் கால் ஊன்றாமல் எட்டு வடிவத்தில் வண்டியை ஓட்டிக் காட்டினால் லைசென்ஸ், கால் ஊன்றினால் இன்னொரு நாள் வா. அப்படிக் கஷ்டப்பட்டு எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிய அதே பையன், அடுத்த மாதம் வண்டி வாங்கும்போது ஷோரூமில் வைக்கும் முதல் கோரிக்கை என்ன தெரியுமா? "கூட்டினா எட்டு வராத நம்பரா பார்த்துக் குடுங்க சார்."

ஷோரூம்காரரும் இதற்குப் பழகிவிட்டார். பேன்ஸி நம்பருக்குக் கட்டணம் கட்டுகிறவர்கள் ஒரு பக்கம், ஏஜென்டிடம் சொல்லி வைத்து இரண்டு வாரம் காத்திருக்கிறவர்கள் இன்னொரு பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் காரும் லாரியும் புல்லட்டும் என்று நாள் முழுவதும் வண்டி செய்து உலகத்துக்கே அனுப்புகிற வட்டாரம் நம்முடையது. இங்கேயே இந்தக் கதை என்றால் மற்ற ஊர்களைக் கேட்க வேண்டாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஸ்ரீபெரும்புதூர் ஆர்.டி.ஓ.வின் எண்ணே டி.என். 87. நம்பர் பிளேட் ஆரம்பிப்பதே எட்டில்தான். அதைவிட வேடிக்கை வண்டிக்குள்ளே இருக்கிறது. எந்தக் காரை எடுத்துக்கொண்டாலும் அதன் சேஸிஸ் நம்பரில் எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 17 இடங்கள். உலகம் முழுவதும் பின்பற்றப்படும் ஏற்பாடு அது. 1-ஐயும் 7-ஐயும் கூட்டிப் பாருங்கள். இரும்பில் அடித்து வைத்த எட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, பிளேட்டில் பெயின்ட் அடித்த எட்டுக்குப் பயப்படுகிறோம்.

சரி, இந்தக் 'கூட்டு எண்' என்பதுதான் என்ன? பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு எண்ணின் இலக்கங்களை ஓரிலக்கம் வரும்வரை கூட்டிக்கொண்டே போனால், அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதி கிடைக்கும். அவ்வளவுதான். (மீதி இல்லாமல் வகுபட்டால் 9 என்று வரும்.) 4580 என்ற நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 4+5+8+0 = 17, 1+7 = 8. இப்போது 4580-ஐ ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். 508 முறை போகும், மீதி 8.

ஏன் இப்படி? 10 என்பது 9-உம் 1-உம். 100 என்பது 99-உம் 1-உம். 1000 என்பது 999-உம் 1-உம். ஆகவே ஒன்பது ஒன்பதாகக் கழித்துத் தள்ளினால் ஒவ்வொரு இலக்கமும் தன் இடத்தை விட்டுவிட்டு வெறும் இலக்கமாக மிஞ்சும். அவற்றைக் கூட்டினால் மீதி. பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். பேரேட்டில் கூட்டல் ஒத்துவரவில்லை, வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறது என்றால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறி விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவார்கள். 2764 என்பதை 2674 என்று எழுதியிருப்பான். வித்தியாசம் 90. ஸ்டோர்ஸில் வேலை பார்த்த காலத்தில் இந்த உபாயம் என்னைப் பல இரவுகளில் நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. கூட்டு எண்ணுக்கு இருக்கிற நேர்மையான உபயோகம் அது.

ஆகவே 'எட்டாம் நம்பர்' என்றால், ஒன்பதின் மடங்குக்கு ஒன்று குறைவான எண் என்று பொருள். 0001 முதல் 9999 வரை உள்ள வண்டி நம்பர்களில் அப்படிப்பட்டவை சரியாக 1111. ஒன்று வருவது 1111, ஐந்து வருவது 1111, எல்லாப் பங்கும் ஒரே அளவுதான். சிலருக்குக் கூட்டுத்தொகை மட்டும் போதாது, எட்டு என்ற இலக்கமே எங்கும் கண்ணில் படக் கூடாது. எட்டு எங்காவது ஓரிடத்தில் வரும் நம்பர்கள் 3439. மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இத்தனை வண்டிகளும் தினமும் பெங்களூர் ஹைவேயில் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. போகிறவர்கள் ஊர் போய்ச் சேர்ந்துகொண்டும் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எப்போதும் ஒரு நண்பர் குறுக்கே வருவார். "அதெல்லாம் சரி சார். 26-ஆம் தேதியைப் பாருங்க. 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பம். 2004 டிசம்பர் 26 சுனாமி. 2008 நவம்பர் 26 மும்பை. இதுக்கு என்ன சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. தட்டிக்கழிக்க மாட்டேன். மூன்றும் உண்மை, மூன்றும் 26. ஆனால் நாம் எண்ணியது எப்படி? 26-இல் நடந்ததை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினோம். கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தது 2004 ஜூலை 16. அது 7. நம் ஊருக்கே வருவோம். ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் கறுப்பு எழுத்தில் வந்தது 1991 மே 21-ஆம் தேதி, ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இரவு. 21 என்றால் 3. தேதி, மாதம், வருடம் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் 28, அதாவது 1. மூன்றும் ஒன்றும் நியூமராலஜிக்காரர்கள் கொண்டாடும் எண்கள். அன்றைக்கு அவை யாரையும் காப்பாற்றவில்லை.

நல்லதை எண்ணினாலும் இதே கதைதான். பெரியார் பிறந்தது 1879 செப்டம்பர் 17. எம்.ஜி.ஆர். பிறந்தது 1917 ஜனவரி 17. இருவரும் எட்டு. ஒருவர் இந்த மாதிரி நம்பிக்கைகளையெல்லாம் தொண்ணூற்று நான்கு வயது வரை மேடை மேடையாக வெளுத்து வாங்கினார். இன்னொருவர் 1977, 1980, 1984 என்று மூன்று சட்டமன்றத் தேர்தல்களில் வென்று முதலமைச்சராகவே கண்ணை மூடினார். நாடு சுதந்திரம் வாங்கிய 15-8-1947-ஐ மொத்தமாகக் கூட்டினால் 35, அதாவது 8. குடியரசு தினம் 26, அதுவும் 8. எட்டு நல்லது என்று நிரூபிக்க இதைச் சொல்லவில்லை. எந்த எண்ணுக்கும் இப்படி இரண்டு பட்டியலும் போடலாம். வருடத்தில் 8, 17, 26 தேதிகள் மொத்தம் 36 நாள். ஒன்றாம் எண்ணுக்கோ 1, 10, 19, 28 என்று 48 நாள். உட்கார்ந்து தேடினால் ஒன்றாம் நம்பருக்கு எட்டைவிட நீளமான துக்கப் பட்டியல் கிடைக்கும். யாரும் தேடுவதில்லை.

எட்டுக்கு எதிராகச் சொல்லப்படும் இன்னொரு வாதம் வாய்ப்பாட்டில் இருந்து வருவது. எட்டாம் வாய்ப்பாட்டைக் கூட்டிக்கொண்டே போங்கள்: 8, 16, 24, 32, 40, 48, 56, 64. கூட்டு எண் 8, 7, 6, 5, 4, 3, 2, 1 என்று இறங்கிக்கொண்டே போகும். "பார்த்தீங்களா, எட்டு ஆளைத் தேய்க்கும்" என்பார்கள். கேட்கும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும். ஆனால் காரணம் சாதாரணம். எட்டு என்பது ஒன்பதில் ஒன்று குறைவு. நாம் பார்ப்பது ஒன்பதால் வகுத்த மீதி. ஒவ்வொரு முறை எட்டைச் சேர்க்கும்போதும் ஒன்பது சேர்த்து ஒன்று எடுக்கிறோம், ஆகவே மீதி ஒன்று குறைகிறது. 72-க்கு வந்ததும் 9 ஆகி மறுபடி மேலிருந்து தொடங்கும். 17-ஆம் வாய்ப்பாட்டைப் போட்டாலும் இதே இறக்கம்தான். அதைப் பற்றி எந்த ஜோசியரும் வாயைத் திறப்பதில்லை. 17-ஆம் வாய்ப்பாடு யாருக்கு மனப்பாடம்?

நமக்குக் கையில் பத்து விரல் இருப்பதால் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். பத்துக்கு ஒன்று குறைவு ஒன்பது, அதனால்தான் கூட்டு எண்ணில் ஒன்பது வந்து உட்கார்ந்திருக்கிறது. கட்டை விரல்களை விட்டுவிட்டு எட்டெட்டாக எண்ணும் வழக்கம் வந்திருந்தால்? அப்போது எட்டை 10 என்று எழுதுவோம், கூட்டினால் 1. பதினேழு என்பது இரண்டு எட்டும் ஒன்றும், ஆகவே 21 என்று எழுதுவோம், கூட்டினால் 3. இருபத்தாறு என்பது மூன்று எட்டும் இரண்டும், 32 என்று எழுதுவோம், கூட்டினால் 5. ஒரே குடும்பம் என்று சொல்லப்படுகிற 8, 17, 26 மூன்றும் ஆளுக்கொரு வீட்டுக்குப் போய்விடும். பிறந்த நாள் மாறவில்லை, பிறந்த குழந்தை மாறவில்லை. எழுதும் முறை மட்டும்தான் மாறியது. எழுதும் முறையை மாற்றினால் மாறிவிடும் ஒரு குணம், எண்ணின் குணமாக எப்படி இருக்க முடியும்? எட்டை எந்த முறையில் எழுதினாலும் அது இரண்டும் இரண்டும் இரண்டும் பெருக்கி வந்ததுதான். அதுதான் எட்டின் குணம்.

"காலங்காலமா பெரியவங்க சொன்னது" என்று ஒரு பேச்சு உண்டு. எந்தப் பெரியவர்? தேதியைக் கூட்டி, எட்டைச் சனிக்குக் கொடுக்கும் இந்த வகை எண் சாஸ்திரத்தை உலகம் முழுவதும் பரப்பியவர்களில் முக்கியமானவர் கீரோ என்ற புனைபெயர் கொண்ட ஐரிஷ்காரர். 1936-இல் இறந்தவர். அவர் நாலாம் எண்ணை யுரேனஸுக்கும் ஏழாம் எண்ணை நெப்டியூனுக்கும் கொடுத்தார். யுரேனஸைக் கண்டுபிடித்தது 1781-இல், நெப்டியூனை 1846-இல். நம் ஊருக்கு வந்தபோது அந்த இரண்டு நாற்காலியிலும் ராகுவையும் கேதுவையும் உட்கார வைத்துக்கொண்டோம். நம் வழக்கப்படி ஞாயிறு முதல் எண்ணினால் சனி ஏழாவது ஆள், எட்டாவது அல்ல. கூட்டுகிற தேதியும் இங்கிலீஷ் தேதி. அதே குழந்தையின் தமிழ்த் தேதியைக் கூட்டினால் வேறு எண் வரும். அதை ஏன் கூட்டுவதில்லை என்று கேட்டால் பதில் வராது.

நம்மவர்களுக்கும் எட்டு என்றால் கொஞ்சம் தயக்கம் உண்டு என்பதை மறுக்கவில்லை. அஷ்டமியில் நல்ல காரியம் தொடங்க மாட்டோம், சந்திராஷ்டமம் பார்ப்போம், அஷ்டமத்துச் சனி என்றால் திருநள்ளாறு போவோம். ஆனால் அதெல்லாம் திதியையும் ராசியையும் வைத்துப் பார்ப்பது, இலக்கத்தைக் கூட்டிப் பார்ப்பதல்ல. அந்த அஷ்டமியில்தான் தேவகியின் எட்டாவது பிள்ளையாகக் கண்ணன் பிறந்தான் என்று வீட்டு வாசலிலிருந்து பூஜை அறை வரை சின்னச் சின்னக் கால்களைக் கோலமாகப் போடுகிறவர்களும் நாம்தான். கோயிலில் விழுந்து கும்பிடுவது சாஷ்டாங்கமாக, எட்டு அங்கமும் தரையில் பட.

ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள் எட்டைப் பழிப்பதற்கு எனக்கு இன்னொரு மனத்தாங்கல். 1017-இல் இங்கே பிறந்த ராமானுஜர், திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடையாய் நடந்து கற்றது எட்டெழுத்து மந்திரம். வெளியே சொன்னால் நரகம் என்று குரு எச்சரித்தும், கோயில் மேல் ஏறி நின்று ஊருக்கெல்லாம் கேட்கச் சொன்னார் என்பது வைணவ மரபு. திருவெட்டெழுத்து, திருவஷ்டாக்ஷரம் என்று இன்றும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் பக்தியோடு சொல்லிவிட்டு வெளியே வந்து, புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் வைக்கும்போது, "நம்பர் எட்டு வரலையே?" என்று கேட்கிறார்கள்.

நம் தாத்தா பாட்டிகள் எட்டிலேயே வாழ்ந்தார்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். எட்டுப் பலம் ஒரு சேர், எட்டு வீசை ஒரு மணங்கு. எட்டு பர்லாங் ஒரு மைல். அரை ரூபாய்க்கு எட்டணா என்றே பெயர். 1957-இல் நயா பைசா வந்த பிறகும் ஐம்பது பைசாவை எட்டணா என்றுதான் சொன்னோம். எல்லா இடத்திலும் ஏன் எட்டு? தராசும் அளவுகோலும் இல்லாமல் எதையும் சமமாகப் பிரிக்க ஒரே வழி, பாதி பாதியாகப் பிரிப்பதுதான். பாதி, பாதியில் பாதி, அதில் பாதி. மூன்று தடவை பிரித்தால் எட்டுப் பங்கு. தமிழில் எட்டில் ஒன்றுக்கு அரைக்கால் என்று பெயர், காலில் அரை. பெயரிலேயே செய்முறை இருக்கிறது. கயிற்றையும் சேலையையும் மடித்துப் பார்த்தால் புரியும். பத்துப் பங்காக மடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் கேளுங்கள்.

(எட்டின் தமிழ் எழுத்து 'அ' போலவும், காலின் எழுத்து 'வ' போலவும் இருக்கும். இரண்டையும் சேர்த்து 'அவ' என்று வரவழைத்து ஒருவரை லட்சணமாகத் திட்டிய ஔவையார் பாட்டு நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். எட்டு திட்டுக்குப் பயன்பட்டது உண்மைதான். ஆனால் அங்கே பழி எட்டின் மேல் இல்லை, எதிரில் நின்றவர் மேல்.)

ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு எட்டு என்றால் ஷிஃப்ட். நாளின் 24 மணி நேரம் எட்டால் மூன்று சம பங்காகப் பிரிகிறது, அதனால்தான் ஏ, பி, சி ஷிஃப்ட். எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளிகள் அடி வாங்கிக் கேட்ட கணக்கு. இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடியவர் நம் சிங்காரவேலர், 1923-இல், சென்னைக் கடற்கரையில். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அது ஆறு எட்டு. சிங்காரவேலர் கொடி ஏற்றிச் சரியாக நூறு வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். அந்தப் பத்து நாளும் கம்பெனி பஸ்ஸில் போய் வந்த பிள்ளைகள் எட்டு எட்டு என்றுதான் பேசினார்கள். அப்போது யாருக்கும் எட்டு ராசியில்லாத எண்ணாகத் தெரியவில்லை.

நம் காரிடாரில் இன்னொரு காட்சி. இங்கே கம்பெனி வைத்திருக்கிற கொரியாக்காரர்களுக்கும் ஜப்பான்காரர்களுக்கும் ஆகாத எண் 4. அவர்கள் மொழியில் நாலுக்கும் சாவுக்கும் ஒரே மாதிரி உச்சரிப்பு. கொரியாவில் பல கட்டடங்களின் லிஃப்டில் 4-க்குப் பதிலாக 'எஃப்' என்று எழுதியிருப்பார்கள். சீன மொழி பேசுகிறவர்களுக்கோ எட்டு என்றால் உயிர், செல்வம் பெருகுவதைக் குறிக்கும் சொல்போல ஒலிப்பதால். பெய்ஜிங் ஒலிம்பிக்ஸை 2008-ஆம் ஆண்டு எட்டாம் மாதம் எட்டாம் தேதி இரவு எட்டு மணிக்குத் தொடங்கினார்கள். ஆக, தைவான் கம்பெனி அதிகாரி ஆசையோடு கேட்கும் நம்பரை அவரை ஓட்டிக்கொண்டு போகும் நம் டிரைவர் வேண்டாம் என்பார். இரண்டு பேரும் ஒரே காரில், ஒரே டோல்கேட்டில் நிற்கிறார்கள்.

எட்டுக்குப் பெருமை வேண்டுமானால் கணக்கில் இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். எந்த ஒற்றைப்படை எண்ணையும் அதே எண்ணால் பெருக்கி ஒன்றைக் கழித்தால், வருவது எட்டால் வகுபடும். 3-ஐ 3-ஆல் பெருக்கினால் 9, ஒன்று போனால் 8. 5-க்கு 24. 7-க்கு 48. 9-க்கு 80. நம் 87-ஐ எடுத்துக்கொண்டால் 7569, ஒன்று போனால் 7568, அது 946 எட்டு. தவறவே தவறாது. காரணமும் எளிது. 7-ஐ 7-ஆல் பெருக்கி ஒன்று கழிப்பதும் 6-ஐ 8-ஆல் பெருக்குவதும் ஒன்றே. ஒற்றைப்படை எண்ணுக்கு முன்னும் பின்னும் நிற்பவை அடுத்தடுத்த இரட்டைப்படை எண்கள். அவற்றில் ஒன்று நிச்சயம் நாலால் வகுபடும், மற்றது இரண்டால். நாலிரண்டு எட்டு. வந்த விடையை மேலும் எட்டால் வகுத்துப் பாருங்கள்: 1, 3, 6, 10 என்று வரும். கோலத்தில் முதல் வரிசைக்கு ஒரு புள்ளி, அடுத்ததற்கு இரண்டு, பிறகு மூன்று என்று முக்கோணமாக வைத்தால் வரும் மொத்தப் புள்ளிகள் அவை.

எட்டும் அதன் பக்கத்து வீட்டு ஒன்பதும் சேர்ந்தால் இன்னும் பெரிய அதிசயம். எட்டு என்பது 2-இன் கனம், ஒன்பது 3-இன் வர்க்கம். ஒன்றை விட்டுவிட்டால், இப்படி வர்க்கமோ கனமோ அதற்கு மேற்பட்ட அடுக்கோ ஆன இரண்டு எண்கள் அடுத்தடுத்து நிற்பது, எண்ணின் வரிசை முழுவதிலும் இந்த ஓரிடத்தில் மட்டும்தான். 1844-இல் கேட்டலான் என்பவர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொன்னார். நிரூபிக்க 158 வருடம் பிடித்தது. 2002-இல் மிஹைலெஸ்கு என்ற ருமேனியக் கணித அறிஞர் முடித்தார். கோடி கோடியாகத் தேடினாலும் இன்னொரு ஜோடி கிடைக்காது. இவ்வளவு ராசியான எண் வேறு எது?

ஸ்டோர்ஸ்காரன் பார்வையிலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வண்டி உற்பத்தியில் அதிகம் புழங்கும் போல்ட்டுகளில் ஒன்று எம் 8. எட்டு மில்லிமீட்டர் தடிமன். அதன் தலையைத் திருக வழக்கமாக எடுப்பது 13-ஆம் நம்பர் ஸ்பேனர். வெள்ளைக்காரன் பயப்படும் 13-ஐ வைத்து நாம் பயப்படும் எட்டை முறுக்குகிறோம். சரியான அளவுக்கு முறுக்கினால் கழல்வதில்லை. முறுக்காமல் விட்டால் கழன்றுவிடும், அது எந்த நம்பர் போல்ட்டாக இருந்தாலும்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதலாம். பேன்ஸி நம்பருக்குப் பணம் கட்டுகிறவர் தன் காசைக் கட்டுகிறார், அரசாங்கக் கஜானாவுக்குப் போகிறது, எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் வண்டியில் ஒட்டும் எண்ணை மனுஷர் மேல் ஒட்டும்போது சிரிக்க முடியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண். டிப்ளமோ படித்துவிட்டு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை பார்த்தவள். பிறந்தது ஜனவரி 26. "ஸ்கூல்ல வருஷா வருஷம் என் பொறந்த நாளுக்குத்தான் கொடி ஏத்தி மிட்டாய் குடுக்குறாங்கன்னு நாலாவது வரைக்கும் நெனச்சிட்டிருந்தேன் தாத்தா" என்பாள். வரன் வந்தது. ஜாதகத்தில் எட்டுப் பொருத்தம் என்று ஜோசியர் சொன்னார் (அந்த எட்டு மட்டும் நல்ல எட்டு). பேச்சு முடிகிற நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா யாரோ, "பொண்ணு எட்டாம் நம்பராச்சே" என்று ஒரு வார்த்தை போட்டார். அத்தோடு போன் வருவது நின்றது.

அடுத்த வரனுக்குள் பரிகாரம் செய்துவிட வேண்டும் என்று வீட்டில் துடித்தார்கள். தேதியை மாற்ற முடியாது, பெயரை மாற்றலாம் என்று யாரோ வழி சொன்னார்கள். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் இரண்டு எழுத்தைக் கூட்டினார்கள். ஆதாரிலும் மாற்றினார்கள். மார்க் ஷீட்டில் பழைய பெயர், பேங்க்கில் பழைய பெயர், பி.எஃப். கணக்கில் பழைய பெயர்.

ஆறு மாதத்தில் கான்ட்ராக்ட் முடிந்தது. அதே சமயம் அவள் அம்மாவுக்கு ஆபரேஷன். சேர்ந்திருந்த பி.எஃப். பணத்தைக் கேட்டு மனுப் போட்டாள். பெயர் ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. அதில் அலுவலகத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆதாரில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால்தானே பணம் சரியான ஆளுக்குப் போகும்? திருத்த வேண்டுமானால் வேலை கொடுத்தவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். கான்ட்ராக்டர் அதற்குள் வேறு சைட்டுக்குப் போய்விட்டார். போன் எடுப்பார், நாளைக்கு என்பார். அந்தப் பெண் கழுத்துச் செயினை அடகு வைத்து ஆபரேஷனை முடித்தாள். பெயரைப் பழையபடி மாற்றி, பணம் கைக்கு வந்தபோது நாலு மாத வட்டி ஏறியிருந்தது. இரண்டு எழுத்துக்கு விலை அது.

அவள் அப்பா என்னிடம் வந்து உட்கார்ந்து, "எல்லாம் அந்த எட்டோட வேலை சார்" என்றார். நான் ஒரு தாளை எடுத்து மேலே எழுதிய கணக்கையெல்லாம் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது எனக்குப் புரியுது சார். வர்ற சம்பந்திக்குப் புரியணுமே" என்றார். அதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

அதனால்தான் சம்பந்தி வயதில் இருக்கிற நம்மைப் பார்த்து எழுதுகிறேன். பெண் பார்க்கப் போகிற இடத்தில் அந்த ஒரு வார்த்தையைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள்தான். சின்னவர்கள் போனில் படம் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டு, நம் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். டாக்டரம்மா சொன்ன தேதியை விட்டுவிட்டு, 26 வேண்டாம் 25-ஆம் தேதியே ஆபரேஷன் பண்ணி எடுத்துவிடுங்கள் என்று பிரசவ வார்டு வாசலில் நின்று சொல்கிறவர்களும் நாம்தான். தாயையும் பிள்ளையையும் பார்த்து மருத்துவர் சொன்னது ஒரு நாள், ஒன்பதால் வகுத்துப் பார்த்து நாம் சொல்வது இன்னொரு நாள்.

போன வாரம் அந்தப் பெண்ணுக்கு இன்னொரு வரன் வந்தது. பையன் வல்லம் பக்கம் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸில் இருக்கிறான். வந்தவர்கள் சம்பளம் கேட்டார்களாம், சொந்த வீடா என்று கேட்டார்களாம், கல்யாணத்துக்குப் பிறகு எந்த ஷிஃப்ட் போவாள் என்று கேட்டார்களாம். பிறந்த தேதியைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. பதில் இன்னும் வரவில்லை.